பல மரம் கண்டவள்

எங்கள் பகுதியில் அவளைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. "அந்தப் பொண்ணைப் பாரு, அவளை மாதிரி வரணும்" என்று சாயங்காலமானால் பிள்ளைகளை மைதானத்துக்குத் துரத்திவிடுபவர்கள் ஒரு கட்சி. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர்கள் மறு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்கு எங்கள் அப்பாதான் வட்டச் செயலாளர்.

அவளுக்கு 24 வயது. மூன்றாம் வகுப்பில் சிலம்பக் கம்பைப் பிடித்தாள். எட்டாம் வகுப்பில் பளு தூக்கப் போனாள். கல்லூரியில் ஜூடோ சேர்ந்தாள். இப்போது கொஞ்ச காலமாக பவர்லிஃப்டிங்கும் செய்கிறாள், அதுவும் எடை தூக்குவதுதான், முறை மட்டும் வேறு. காலையில் ஒரு பெண்கள் ஜிம்மில் வேலை. மாலை ஐந்தரைக்கு வெயில் இறங்கியதும் தெருப் பிள்ளைகளுக்கு வகுப்பு. என் தங்கை மகனும் அங்கேதான் போகிறான். அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். "பேர் போட்டீங்கன்னா எங்கம்மா பிரின்ட் எடுத்து பூஜை ரூம்ல ஒட்டிடுவாங்கண்ணா." சரி, போடவில்லை.

வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு பெண் பளு தூக்குகிறாள் என்பது செய்தியே இல்லை. இங்கே தடுக்கி விழுந்தால் ஒரு பளுதூக்கும் வீரர் மேல்தான் விழ வேண்டும். சதீஷ் சிவலிங்கம் இந்த ஊர்க்காரர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். நான்கு வருஷம் கழித்து கோல்டு கோஸ்ட்டில் 317 கிலோவுடன் மறுபடியும் தங்கம். அவருடைய அப்பாவும் ராணுவத்தில் இருந்தபோது பளு தூக்கியவர். ஓய்வு பெற்ற பிறகு இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் காவலாளியாக வேலை பார்த்தார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறைய. ஆகவே இவள் தூக்கினாள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தவள் அதை விட்டுவிட்டு வெள்ளைப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஜூடோ பாயில் போய் நின்றாளே, அதுதான் ஊர்ப் பேச்சானது. அப்போதைய கோச் அவளோடு பல மாதம் பேசவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு பிள்ளையை ஐந்து வருஷம் உருவாக்கி, மாநிலப் போட்டியில் பதக்க மேடை வரை கொண்டுவந்து, அது பலன் தரும் நேரத்தில் விட்டுவிட்டுப் போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அவளிடம் ஏன் போனாய் என்று கேட்டேன். பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை. கல்லூரி மைதானத்தில் பார்த்தாளாம், ஆசையாக இருந்ததாம்.

ஆனால் அந்த முதல் மாதத்தைப் பற்றி அவள் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜூடோவில் முதல் இரண்டு வாரம் வேறொன்றும் கிடையாது, விழுவதுதான். பின்னால் விழு, பக்கவாட்டில் விழு, உருண்டு விழு. தாடை நெஞ்சை ஒட்டியிருக்க வேண்டும், கண் பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்னந்தலை தரையில் படாது. கையை நீட்டி ஊன்றாமல், முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை மொத்தமாகப் பாயில் அறைய வேண்டும். அறைகிற சத்தம் பெரிதாக இருந்தால் அடி சிறிதாக இருக்கும். இதையெல்லாம் செய்து முடித்து முதல்முதலாக ஒருத்தியோடு பிடித்து நிற்க விட்டார்கள். எதிரே நின்றது பள்ளிக்கூடத்துப் பெண், பதினான்கு வயது, 44 கிலோ. இவள் அப்போது 63 கிலோ, அதுவும் பளு தூக்கிய உடம்பு.

"நான் ரெண்டு கையையும் விறைப்பா நீட்டிக்கிட்டேண்ணா. கிட்டவே விடக்கூடாதுன்னு. அவ ஒண்ணுமே பண்ணல. என்னை லேசா இழுத்தா, நான் எதிர்ப்பக்கம் தள்ளினேன், நான் தள்ளின பக்கமே திரும்பிக் கணுக்கால்ல பாதத்தை வெச்சா. சீலிங் ஃபேன் தெரிஞ்சுது."

பலம் உள்ளவர்கள் ஜூடோவுக்குப் புதிதாக வந்தால் முதலில் செய்வது இதைத்தான். கையை இறுக்கித் தள்ளுவார்கள். அந்தத் தள்ளல்தான் எதிராளிக்குக் கிடைக்கிற கைப்பிடி. பளு தூக்குவதில் எதிரே இருக்கும் இரும்பு பதிலுக்குத் தள்ளாது, ஏமாற்றாது. ஐந்து வருஷப் பழக்கத்தை உடம்பு அவ்வளவு சீக்கிரம் விடுமா? அந்தச் சின்னப் பெண்ணிடம் தொடர்ந்து பல வாரம் விழுந்திருக்கிறாள். சிலம்பத்தில் மாநில அளவில் தங்கம் வாங்கியவள், பளு தூக்குதலில் தேசியப் போட்டி வரை போய்வந்தவள், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் கடைசியாக நின்று கும்பிட்டுவிட்டு மறுபடியும் விழுந்திருக்கிறாள்.

என் கட்சி என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் தொடங்குகிறது. சொல்லிக்கொடுப்பவருக்கு வேண்டிய தகுதிகளில் ஒன்றை யாரும் பேசுவதில்லை: தெரியாத நிலை எப்படி இருக்கும் என்ற ஞாபகம். பத்து வயதிலிருந்து ஒன்றையே செய்த பெரிய ஆட்டக்காரருக்கு எல்லாம் உடம்பே செய்துவிடும். "இடுப்பைத் திற, வேகமா உள்ள போ" என்பார். கேட்கிற பிள்ளைக்கு இடுப்பு எங்கே திறக்கிறது என்றே தெரியாது. தனக்கும் அது புரியாமல் இருந்தது எந்த வயதில் என்று அவருக்கு நினைவிருக்காது. இவள் மூன்று தடவை, நான்கு தடவை ஒன்றும் தெரியாதவளாகப் போய் நின்றவள். அந்தக் கூச்சம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் புதிதாக வந்த பிள்ளை எங்கே தடுமாறும் என்று தெரிந்து, அதற்கு முன்னாலேயே அவள் அங்கே நிற்கிறாள்.

மைதானத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் இது தெரியும். சிலம்பத்துக்கு வரும் பிள்ளை முதல் நாளே கம்பைக் கேட்கும். கொடுக்க மாட்டாள். முதலில் காலடி. தரையில் சுண்ணாம்புப் பொடியால் குறி போட்டு, எந்தக் கால் எங்கே, எடை எந்தக் காலில், திரும்பும்போது குதிகால் எழும்புகிறதா என்று பார்ப்பாள். அலுத்துப்போகும் நேரம் பார்த்துக் கம்பைக் கொடுப்பாள், அதுவும் பிள்ளையின் புருவ உயரத்துக்கு அளந்து வெட்டிய பிரம்பு. பளு தூக்க வரும் பிள்ளைக்கும் அதே கம்புதான். ஸ்நாட்ச், அதாவது தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது, பழக இரும்பு எதற்கு? கம்பை அகலமாகப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி, கை மடங்காமல் அப்படியே உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்வாள். செய்து பாருங்கள். நான் பாதி தூரம் இறங்குவதற்குள் கம்பு நெற்றிக்கு முன்னால் வந்துவிட்டது. சிலம்பம் சுற்றிப் பழகிய பிள்ளைகளுக்குத் தோளும் மணிக்கட்டும் ஏற்கெனவே இளகியிருப்பதால் சுலபமாக இறங்குகிறார்கள்.

பார், அதாவது எடைத் தட்டுகள் மாட்டும் இரும்புத் தண்டு, கைக்கு வந்ததும் அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது, அதைக் கீழே போடுவது. ஸ்நாட்சில் பார் முன்னால் போனால் நீ பின்னால் நகரு, பின்னால் போனால் முன்னால் துள்ளு, கையை விடு, பிடித்துக் காப்பாற்ற நினைக்காதே. வெறும் கம்பை வைத்துக்கொண்டு தப்பி ஓடப் பழகும் பிள்ளைகளைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். என் தங்கை மகன் வீட்டில் துடைப்பத்தை வைத்துச் செய்து காட்டினான். அவனுக்கு இரும்பின் மேல் இருந்த பயம் போனது அப்படித்தான்.

பயம் அவனுக்கு மட்டுமா? "இந்த வயசுல வெயிட்டு தூக்குனா குள்ளமாயிடுவான்" என்று என் தங்கை ஒரு மாதம் விடவில்லை. இந்த நம்பிக்கை தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இதை எப்போதோ தெளிவுபடுத்திவிட்டது: சரியான முறையில், பயிற்சியாளர் மேற்பார்வையில் செய்தால் எடைப் பயிற்சி உயர வளர்ச்சியைப் பாதிப்பதாகச் சான்று இல்லை. ஆபத்து எங்கே என்றால், மேற்பார்வை இல்லாமல் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்து அதிகபட்ச எடையை முயல்வதில். அவள் இந்த ஆராய்ச்சியையெல்லாம் தங்கையிடம் சொல்லவில்லை. பெண்களுக்கான பார் ஒன்றைத் தூக்கித் தங்கை கையில் கொடுத்தாள். "இது 15 கிலோ அக்கா. நம்ம பிளாஸ்டிக் குடம் நிறைய தண்ணி பிடிச்சா ஏறக்குறைய இதே கனம்தான். பத்து வயசுப் பொண்ணுங்க இடுப்புல வெச்சு ஒரு பக்கமாச் சாஞ்சு தூக்கிட்டுப் போறப்ப யாராச்சும் குள்ளமாயிடுவான்னு சொன்னாங்களா?" தங்கை ஒன்றும் பேசவில்லை. இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டே வகுப்பைப் பார்க்கிறாள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் வேறு ஒரு தடை, உடை. பளு தூக்கும் உடை உடம்போடு ஒட்டியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு எல்லார் முன்னாலும் மேடை ஏற எங்கள் பெண்ணை விட மாட்டோம் என்று ஒரு குடும்பம் நிறுத்திவிட்டது. அவள் வீட்டுக்கே போய்ப் பேசினாள். பாகிஸ்தான் வம்சாவளியைச் சேர்ந்த குல்சூம் அப்துல்லா என்ற அமெரிக்க வீராங்கனை கேள்வி எழுப்பியதால், 2011-லேயே உலகப் பளுதூக்குதல் சம்மேளனம் கை கால் முழுக்க மூடும் உடையை அனுமதித்துவிட்டது. முழங்கையும் முழங்காலும் நேராக நிமிர்ந்ததா என்று நடுவருக்குத் தெரிகிற மாதிரி இறுக்கமாக இருந்தால் போதும். அந்தப் பெண் இப்போது முழுக்கை போட்டுக்கொண்டு தூக்குகிறாள். 2000-இல் சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கிய படத்தை அந்த வீட்டு அப்பாவிடம் போனில் காட்டினாளாம். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் என்றதும், "நம்ம ஆந்திராவா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே விஷயத்தில்தான். மாவட்டப் போட்டிக்கு முந்தைய வாரம் ஒரு பெண் மயங்கி உட்கார்ந்துவிட்டது. விசாரித்தால் இரண்டு நாளாக ராத்திரிச் சாப்பாடு இல்லை, தண்ணீரும் குறைவு. கீழ் எடைப் பிரிவில் இறங்கினால் பதக்கம் நிச்சயம் என்று வீட்டில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் இறுதிப் போட்டியில் இறங்க முடியாமல் போனதை நாடே பார்த்தது. ராத்திரி முழுக்க ஓடி, முடியைக்கூட வெட்டி, அப்படியும் குறையவில்லை. உலகத்தரத்து மருத்துவர், ஊட்டச்சத்து நிபுணர் எல்லாரும் கூட இருந்த ஒருவருக்கே அந்த நிலைமை. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அன்றைக்கே அவள் ஒரு சட்டம் போட்டாள். பதினெட்டு வயது ஆகும்வரை அவள் வகுப்பில் யாரும் எடை குறைத்துப் போட்டிக்குப் போகக்கூடாது, உடம்பு எந்தப் பிரிவில் நிற்கிறதோ அதில்தான் போட்டி. தோற்றால் தோற்கட்டும். இதனால் கைவிட்டுப்போன பதக்கங்கள் உண்டு, போய்விட்ட பிள்ளைகளும் உண்டு.

போனவர்கள் எங்கே போனார்கள் என்பது தனிக்கதை. இங்கே கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்துவிட்டது. முதலமைச்சர் கோப்பையில் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக வைத்தார்கள். சந்தோஷம்தான். கூடவே இன்னொன்றும் வளர்ந்திருக்கிறது. பானை மேல் நின்று ஒரு மணி நேரம் கம்பு சுற்றுவது, ஆணிப் பலகை மேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு நூறு பேர் ஒன்றாகச் சுற்றுவது. கேள்விப்படாத பெயரில் ஒரு "உலக சாதனை" புத்தகம் வந்து சான்றிதழ் கொடுக்கும், அதற்குக் கட்டணம், மெடலுக்குக் கட்டணம், பிரேமுக்குத் தனிக் கட்டணம். கராத்தேயில் மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் என்று முன்பே நடந்துகொண்டிருந்த வியாபாரம்தான், இப்போது கம்புக்கும் வந்துவிட்டது. பெற்றோர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பிள்ளை படம் பேப்பரில் வருகிறது. ஆனால் நேருக்கு நேர் நின்று, எதிராளியின் கம்பு உடம்பில் படாமல் தடுத்து, பாவலா காட்டி ஏமாற்றி ஒரு தொடுபுள்ளி எடுக்கத் தெரியாத பிள்ளைக்குச் சுவர் நிறைய சான்றிதழ் இருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அவள் இதற்கெல்லாம் பிள்ளைகளை அனுப்புவதில்லை. "கோட்டா கிடைக்குமா?" என்று கேட்டு வருபவர்களுக்கு எந்தெந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்று விவரமாகச் சொல்லிவிடுவாள். புரதப் பவுடர் கேட்டு வரும் பையன்களிடம் இன்னும் பொறுமையாகப் பேசுவாள். மூவாயிரம் ரூபாய் டப்பா ஒன்றை வாங்கிவந்த பையனிடம், பள்ளிக்கூட சத்துணவு முட்டையில் ஆறு கிராம் புரதம், நூறு கிராம் வேர்க்கடலையில் இருபத்தைந்து என்று கணக்குச் சொல்லி, அந்த டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது என்றும் சொன்னாள். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உடம்புக்குள் இருப்பதற்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு. பையன் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தானா என்று தெரியவில்லை. அடுத்த வாரமும் வகுப்புக்கு வந்தான்.

போன வருஷம் அவள் மறுபடியும் பளு தூக்கும் போட்டி ஒன்றில் இறங்கினாள். பிள்ளைகள் பாதிப் பேர் ஒரு வேனில் கிளம்பிப் பார்க்க வந்தார்கள். நானும் போனேன். ஸ்நாட்சில் மூன்று முயற்சி. முதல் முயற்சியில் பார் முன்னால் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு நீண்ட நேரம் கைகளில் மெக்னீசியப் பொடியைத் தேய்த்துக்கொண்டு நின்றாள், கடிகாரத்தில் சில நொடிகளே இருந்தபோதுதான் பாரைத் தொட்டாள். தூக்கிவிட்டாள் என்றுதான் நினைத்தோம். கீழே உட்கார்ந்த நிலையில் ஒரு கணம் நின்றது, அப்புறம் பின்னால் போய்விட்டது. மூன்று சிவப்பு விளக்கு. ஸ்நாட்சில் ஒன்றும் நிற்காவிட்டால் மொத்தக் கணக்கே கிடையாது, போட்டியில் பெயருக்கு எதிரே வெற்றிடம்தான். வேனில் திரும்பும்போது பிள்ளைகள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் அவள் போனைப் பிள்ளைகள் நடுவில் வைத்து அந்த மூன்று வீடியோவையும் போட்டாள். "எங்க தப்பு? கண்டுபிடிங்க." முதலில் யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒன்பது வயதுப் பொடியன் ஒருத்தன், "அக்கா, பார் உங்க காலை விட்டுத் தள்ளிப் போவுது" என்றான். உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். குதிகால் சீக்கிரம் எழும்புது, கை முன்னாடியே மடங்குது, மூணாவதுல பயந்துட்டீங்க. கடைசியாகச் சொன்னது பெண் பிள்ளை ஒன்று. "ஆமா, பயந்துட்டேன்" என்றாள் அவள். "முதல் ரெண்டும் முன்னாடி போச்சுல்ல, அதனால வேணும்னே பின்னாடி இழுத்துட்டேன்." அப்புறம் எல்லாரையும் எழுப்பிக் கம்பை எடுக்கச் சொன்னாள். அன்றைக்கு முழுக்கப் பாரைக் காலோடு ஒட்டி ஏற்றுவது மட்டும்தான் பயிற்சி, அவளும் சேர்ந்து.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அதான் நான் சொன்னேன்ல, ஒண்ணையே பிடிச்சிருந்தா தூக்கியிருப்பா" என்றார். அதுவும் சரிதான். அவளோடு எட்டாம் வகுப்பில் தொடங்கி அதையே விடாமல் செய்தவர்கள் இன்று அவளைவிடப் பத்திருபது கிலோ அதிகம் தூக்குகிறார்கள். ஜூடோவில் இன்னும் பச்சைப் பெல்ட்டில் இருக்கிறாள். பவர்லிஃப்டிங்கில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இடுப்பு வரை தூக்குவது) பிரமாதம், பெஞ்ச் (படுத்துக்கொண்டு மேலே தள்ளுவது) சுமார், அதுவும் ஒலிம்பிக்கில் கிடையாது என்பதால் அப்பாவின் கணக்கில் அது விளையாட்டே இல்லை. பதக்கத்தை வைத்து அளந்தால் டீக்கடைக் கட்சிதான் ஜெயிக்கும். அவளே அதை மறுப்பதில்லை. அந்த அளவுகோல் அந்த மைதானத்துக்கு உதவாது என்பது என் கருத்து. அங்கே வரும் முப்பது பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர்தான் போட்டி, பதக்கம் என்று போவார்கள். மற்றவர்களுக்கு வேண்டியது விழுந்தால் அடிபடாமல் எழுந்திருக்கத் தெரிந்த உடம்பும், தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாத வாயும்தான். குழந்தைகளை எந்த வயதில் ஒரே விளையாட்டில் நிறுத்தலாம் என்று கேட்டால், முன்னே சொன்ன அதே மருத்துவர்கள் சங்கம் பதினைந்து, பதினாறு வயது வரை பொறுத்திருங்கள் என்றுதான் சொல்கிறது. நம் ஊரில் ஐந்தாம் வகுப்பிலேயே "எந்த கேம்ல போட்டா சீட்டு கிடைக்கும்?" என்று கேட்கிறோம்.

மாதக் கட்டணம் 300 ரூபாய். பாதிப் பேர் கொடுப்பதில்லை, அவளும் கேட்பதில்லை. பார் இரண்டு, பிளேட்டுகள் பழைய விலைக்கு வாங்கியவை, கம்புகள் மட்டும் தாராளம். பெரிய குறை பாய்தான். ஜூடோ சேர்ந்த பிள்ளைகள் இப்போது மணல் பரப்பி, அதன் மேல் தார்ப்பாய் விரித்து, யாரோ கொடுத்த இரண்டு பழைய மெத்தைகளில் விழுந்துகொண்டிருக்கிறார்கள். மெத்தையில் கால் புதைந்து கணுக்கால் பிசகுகிறது, அதனால் எறிகிற பயிற்சியை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

ஆகவே வாசிப்பவர்களிடம் நேராகவே கேட்டுவிடுகிறேன். உங்கள் பள்ளியிலோ கிளப்பிலோ மாற்றிப்போட்ட பழைய ஜூடோ பாய் இருந்தால் சொல்லுங்கள். நான்கு சென்டிமீட்டர் தடிமனாவது வேண்டும், யோகா பாய் உதவாது. ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தைத்துக்கொள்கிறோம். சென்னை, பெங்களூரு, சேலம் எங்கிருந்தாலும் வண்டி வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவும் பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறார், டீக்கடையில் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு.